பழைய பிக்கப் வண்டியில் சாவி தகராறா? தேய்ந்தது சாவியா, பூட்டா, சுவிட்சா என்று பார்த்துச் செலவு செய்யுங்கள்

அதிகாலை இரண்டு மணிக்குத் தக்காளிப் பெட்டிகளை ஏற்றி, தார்ப்பாய் கட்டி, மார்க்கெட்டுக்குக் கிளம்பச் சாவியைத் திருப்புகிறீர்கள். செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, மேலும் கீழும் ஆட்டித் திருப்பினால் எடுக்கிறது. ‘நம்ம வண்டிக்கு அப்படி ஒரு கைப்பழக்கம்’ என்று சொல்லிக்கொண்டு போய்விடுகிறோம். அந்தப் பழக்கம் உங்கள் கைக்குத்தான் தெரியும். அவசரத்துக்கு உங்கள் மகனோ, கூலிக்கு வந்த டிரைவரோ வண்டியை எடுக்கும் நாளில் லோடு ஏலம் முடிந்த பிறகுதான் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்.

2005-ல் வந்த டாடா ஏஸ், 2011-ல் வந்த தோஸ்த், அவற்றுக்கு முன்பிருந்தே ஓடும் பொலிரோ பிக்கப் என்று பத்து, பதினைந்து வருடம் தாண்டிய வண்டிகள் இன்று கிராமங்களில் ஏராளம். இன்ஜினுக்கு ஆயில் மாற்றுகிறோம், டயர் பார்க்கிறோம். ஆனால் ஒரு நாளைக்கு இருபது, முப்பது முறை திருப்பும் சாவியையும் அதன் பின்னால் இருக்கும் சுவிட்சையும் யாரும் கவனிப்பதில்லை. தோட்டத்துக்கும் மண்டிக்கும் இடையே நின்று நின்று போகும் வண்டிகளில் இந்தத் தேய்மானம், நீண்ட தூரம் ஓடும் வண்டிகளைவிடச் சீக்கிரம் வருகிறது.

ஒரு சாவி, இரண்டு பொருட்கள்

சாவி நுழையும் துவாரத்தின் பின்னால் இருப்பது ஒரே பொருள் அல்ல. முன்னால் இருப்பது பூட்டு. அதற்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு சிறிய ஸ்பிரிங்கின் மேல் நிற்கின்றன. சாவியின் வெட்டுகள் அந்தத் தகடுகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் உருளை சுழலும். பூட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் மின்சார சுவிட்ச். பூட்டின் வால் திரும்பும்போது, சுவிட்சுக்குள் இருக்கும் செம்புத் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டு மின்சாரத்தை மூன்று பாதைகளில் அனுப்புகின்றன. முதல் நிலையில் ரேடியோ போன்ற சில்லறைச் சாமான்களுக்கு, இரண்டாவதில் மீட்டர் விளக்குகளுக்கும் டீசலைத் திறந்துவிடும் சோலனாய்டுக்கும், மூன்றாவதில் செல்ஃப் மோட்டாருக்கு.

பூட்டு தேய்ந்தால் அறிகுறி ஒரு விதம், சுவிட்ச் தேய்ந்தால் வேறு விதம். இது தெரியாமல் ‘இக்னிஷன் போயிடுச்சு’ என்று சொல்லி முழு லாக் செட்டையும் மாற்றுபவர்கள் உண்டு. அதைவிட மோசம், நல்ல செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, மறுநாளும் அதே தகராறோடு நிற்பது.

முதலில் வீட்டில் கிடக்கும் இன்னொரு சாவியைத் தேடுங்கள்

செலவே இல்லாத சோதனை இது. வண்டி வாங்கும்போது கொடுத்த இரண்டாவது சாவி பீரோவில் எங்காவது இருக்கும். அதைப் போட்டுப் பாருங்கள். ஆட்டாமல் அசைக்காமல் திரும்பினால் உங்கள் பூட்டு நன்றாக இருக்கிறது, தேய்ந்தது தினமும் புழங்கும் சாவிதான். இரண்டு சாவிகளையும் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். புழங்கிய சாவியில் வெள்ளை முலாம் போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரியும். வெட்டுகளின் முனை மழுங்கி, மலை மேடு போல உருண்டிருக்கும்.

புதிய சாவி வெட்டுவதாக இருந்தால், தேய்ந்த சாவியைக் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். மெஷின் எதைப் பார்க்கிறதோ அதையே வெட்டும். தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுத்துத் தரும். புழங்காத சாவியைக் கொடுத்து வெட்டுங்கள். அதுவும் இல்லை என்றால், வாங்கியபோது சாவியோடு வந்த சிறிய தகட்டில் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த எண்ணை வைத்துக் கம்பெனி அளவிலேயே புதிய சாவி பெற வாய்ப்பு உண்டு. பெற்றதும் அசல் சாவியை மறுபடி பீரோவில் வையுங்கள், நகலைப் புழங்குங்கள். பிந்தைய மாடல்கள் சிலவற்றில் சாவியின் பிடிக்குள் சிப் இருக்கும். அப்படிப்பட்ட சாவியை வெட்டினால் மட்டும் போதாது, வண்டியோடு பதிவு செய்தும் ஆக வேண்டும்.

இரண்டாவது சாவியும் இறுகுகிறது என்றால் பூட்டைப் பாருங்கள். அதற்கு முன் ஒரு விஷயம். நிறுத்தும்போது முன் சக்கரம் ஒரு கல்லிலோ வரப்பிலோ முட்டி நின்றிருந்தால், ஸ்டியரிங் லாக் அழுத்தத்தில் மாட்டிக்கொண்டு சாவியைத் திரும்ப விடாது. ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைத்துக்கொண்டே திருப்புங்கள். பலமாகத் திருப்பினால் சாவிதான் முறியும்.

பூட்டுக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள்

சாவி இறுகியதும் நம் கை தேங்காய் எண்ணெயைத் தேடுகிறது. சிலர் இன்ஜின் ஆயில், சிலர் கிரீஸ். ஊற்றிய அன்று வெண்ணெய் போலத் திரும்பும். ஆனால் உழவுப் புழுதி, தவிட்டுத் தூசி, உரமூட்டை தூக்கிய கையோடு சாவியைப் பிடிப்பதால் ஏறும் உப்பு எல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டி, சில வாரங்களில் பசை போல ஆகிவிடும். அந்தப் பசை, அரம் போட்டுத் தேய்ப்பதுபோலத் தகடுகளைத் தேய்க்கும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறையவும் செய்யும்.

பூட்டுக்கு ஏற்றது காய்ந்த மசகு, அதாவது கிராஃபைட் பவுடர். சாவிக் கடைகளில் சிறிய குப்பியில் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால், கறுப்பாக எழுதும் மென்மையான பென்சிலைச் சாவியின் இரு பக்கமும் நன்றாகத் தேய்த்து, பத்துப் பதினைந்து முறை நுழைத்து எடுங்கள். பென்சில் கரியும் கிராஃபைட்தான். துளியளவு போதும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், பின்னால் இருக்கும் சுவிட்ச் வரை போகுமளவுக்குக் கொட்டக் கூடாது. ஏற்கெனவே எண்ணெய் ஊற்றிய பூட்டாக இருந்தால், முதலில் எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து அழுக்கை வெளியேற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு கிராஃபைட் போடுங்கள்.

இன்னொன்று சாவிக்கொத்து. வண்டிச் சாவியோடு வீட்டுச் சாவி, மோட்டார் ரூம் சாவி, இரும்புப் பெட்டிச் சாவி, சாமி படம் போட்ட பித்தளை வளையம் எல்லாம் ஒரே கொத்தில் தொங்குகின்றன. மண் ரோட்டில் வண்டி குலுங்கும்போது அந்த எடை முழுவதும் பூட்டின் வாயை ஓயாமல் இழுக்கிறது. வண்டிச் சாவியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-ல் சுமார் 26 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது. அந்த சுவிட்சுகளில் ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’கென்று நிற்கவைக்கும் பிடிப்பு பலவீனமாக இருந்தது. கொத்தின் எடையாலோ குலுங்கலாலோ சாவி தானாகப் பின்னால் திரும்பி, ஓடும்போதே இன்ஜின் நின்றது, காற்றுப்பையும் வேலை செய்யவில்லை. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 இறப்புகளை ஏற்றுக்கொண்டது. அங்கே காரணம் வடிவமைப்புக் கோளாறு. நம் பழைய வண்டியில் அதே பிடிப்பு தேய்மானத்தால் தளர்கிறது. சாவியை ஆன் நிலையில் வைத்து ஒரு விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். தடை இல்லாமல் பின்னால் போனால் அந்த சுவிட்சோடு மலைப்பாதையில் இறங்காதீர்கள்.

அப்படி ஓடும்போது இன்ஜின் அணைந்துவிட்டால், சாவியை வெளியே எடுக்கக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கியரிலேயே விடுங்கள், கிளட்சை மிதிக்காதீர்கள். சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும் வரை பிரேக்குக்கு வேக்குவம் கிடைக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். இன்ஜின் சுற்றாமல் நின்றுவிட்டால் இரண்டு, மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும்.

சாவி நன்றாகத் திரும்புகிறது, ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை

இங்கேதான் மின்சாரப் பகுதி வருகிறது. ஆனாலும் சுவிட்சைக் குறை சொல்வதற்கு முன் பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளை, பச்சைப் பூஞ்சாணம் போலப் படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து, இறுக்குங்கள். இன்ஜினில் இருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் ஒயரையும் பாருங்கள். ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளில் பல, இந்த இரண்டு இடத்தைச் சரிசெய்ததுமே கிளம்பிப் போகின்றன.

பிறகு சாவியை ஆன் செய்து மீட்டர் விளக்குகளைப் பாருங்கள். சாவியை லேசாக அசைக்கும்போது விளக்குகள் கண் சிமிட்டினால் சுவிட்சின் உள் தகடுகள் தேய்ந்துவிட்டன. விளக்குகள் பளிச்சென்று எரிந்து, ஸ்டார்ட் நிலையில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை என்றால், சுவிட்சின் ஸ்டார்ட் முனை, ரிலே, அல்லது செல்ஃபுக்குப் போகும் மெல்லிய ஒயர் மூன்றில் ஒன்று. விளக்குகள் மங்கி ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் அது பெரும்பாலும் பேட்டரி.

முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் ஊகிக்க வேண்டியதே இல்லை. அது மோட்டார் பம்ப்செட் வேலைக்கும் ஆகும். டி.சி. 20 வோல்ட் நிலையில் வையுங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்த்தால் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. பேட்டரி சரி என்றால், மீட்டரின் ஒரு முனையை சுவிட்சுக்கு வரும் பேட்டரி ஒயரிலும், இன்னொன்றை சுவிட்சிலிருந்து செல்ஃபுக்குப் போகும் ஒயரிலும் வைத்து, சாவியை ஸ்டார்ட்டில் திருப்பச் சொல்லுங்கள். நல்ல சுவிட்சில் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அவ்வளவு மின்னழுத்தத்தை சுவிட்ச் உள்ளேயே சூடாக்கித் தின்கிறது என்று அர்த்தம். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இந்தச் சோதனை.

சுவிட்சைக் கொல்வது எது?

வயது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் நாம் ஏற்றும் சுமை. சுவிட்சில் இருந்து வரும் ஆன் ஒயரில் கூடுதல் விளக்கு, ஏர் ஹாரன், பாட்டுப் பெட்டி, மொபைல் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்துவிடுகிறோம். 100 வாட் விளக்கு இரண்டு போட்டால் 12 வோல்ட்டில் 16 ஆம்பியருக்கு மேல் ஓடும். இத்தனையும் அந்தச் சிறிய செம்புத் தகடு வழியாகப் போக வேண்டும். தகடு கருகும், கருகிய இடத்தில் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடாகும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் பழுப்பு நிறமாக மாறியிருக்கும். உருகிய வாடை அடித்தால் அன்றே வண்டியை நிறுத்துங்கள். வைக்கோல் ஏற்றிய வண்டியில் ஒயர் தீப்பிடித்தால் அணைக்க நேரம் இருக்காது.

இதற்கு ரிலே நல்ல வழி. செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டு இழுக்கும் கணத்தில் பல பத்து ஆம்பியர் எடுக்கும். பழைய வண்டி சிலவற்றில் அது நேராக சுவிட்ச் வழியாகவே போகிறது. இடையில் ஒரு ரிலே போட்டால், சுவிட்ச் ரிலேயின் காயிலுக்கு மட்டும், அதாவது கால் ஆம்பியருக்கும் குறைவாகத் தந்தால் போதும். 12 வோல்ட் ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30-க்குப் பேட்டரியில் இருந்து ஃபியூஸ் வழியாக வரும் ஒயர், 87-ல் இருந்து சோலனாய்டுக்கு, 86-க்கு சுவிட்சின் ஸ்டார்ட் ஒயர், 85 எர்த். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கூடுதல் விளக்குகளுக்கும் இதேபோல் தனி ரிலே. ஆட்டோ எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள்கூட ஆகாத வேலை. முன்பே ரிலே இருக்கும் வண்டியா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

பல ஊர்களில் இதற்குப் பதிலாகச் செய்வது, டாஷ்போர்டில் ஓட்டை போட்டு ஒரு டாகிள் சுவிட்சும் ஒரு புஷ் பட்டனும் வைப்பது. நடுவழியில் நின்ற வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர அது உதவும், தப்பில்லை. அதையே நிரந்தரமாக்கினால், உங்கள் வண்டியை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று எழுதி ஒட்டியதற்குச் சமம்.

ஸ்டார்ட் ஆன பிறகும் ‘கீர்ர்ர்’ என்று சத்தம் தொடர்ந்தால், சுவிட்சின் ஸ்பிரிங் தளர்ந்து சாவி ஸ்டார்ட்டிலேயே நின்றுவிட்டது. உடனே கையால் பின்னால் திருப்புங்கள். திருப்பியும் சத்தம் நிற்காவிட்டால் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள். சாவிக்கு இன்ஜின் அணையாவிட்டால் பிரேக்கை மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டு அணைக்கலாம். ஒரு நிமிடம் தாமதித்தாலும் செல்ஃப் மோட்டார் கருகும்.

எந்தச் சாவி போட்டாலும் திரும்பும் பூட்டு

சாவி இறுகுவதைவிட மோசமான நிலை இது. சைக்கிள் சாவி போட்டாலும் திரும்புகிறது, வண்டி ஓடும்போதே சாவியைக் கையோடு உருவ முடிகிறது. ‘வசதியாகத்தானே இருக்கிறது’ என்று நினைப்பவர்களும் உண்டு. ஆன் நிலையில் சாவியை உருவிக்கொண்டு படுக்கப் போனால், டீசல் சோலனாய்டும் விளக்குகளும் இரவெல்லாம் மின்சாரம் குடித்து, காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.

திருட்டு போனால் இன்னும் சிக்கல். இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். ஒன்று இல்லை என்றாலோ, சாவி வண்டியிலேயே இருந்தது என்று தெரிந்தாலோ, கவனக்குறைவு என்று சொல்லி இழுத்தடிப்பார்கள். லாக் செட் மாற்றினால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பழைய சாவிகளைத் தூக்கி எறியாதீர்கள். மாற்றிய விவரத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, நகல் ஒன்றை ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். சாவி தொலைந்தாலும் இப்படியே, தொலைந்த அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள், இன்ஜின் புகையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு சாவிகளையும் கேளுங்கள். அந்தச் சாவி கதவையும் டீசல் டேங்க் மூடியையும் திறக்கிறதா என்று பாருங்கள். இக்னிஷனுக்கு மட்டும் வேறு சாவி என்றால் பூட்டு ஒருமுறை மாற்றப்பட்டிருக்கிறது, ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஓடும்போது சாவி வெளியே வருகிறதா, ஸ்டியரிங் லாக் விழுகிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டுத் தடவினால், டேப் சுற்றிய ஒயர் முடிச்சுகள் எத்தனை என்று தெரிந்துவிடும்.

மாற்றுவது என்று முடிவானால், உங்கள் மாடலில் பின்னால் இருக்கும் மின்சார சுவிட்ச் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். பூட்டு நன்றாக இருந்தால் அது மட்டும் போதும், செலவும் குறையும், சாவியும் மாறாது. கழற்றும் முன் பேட்டரி எர்த்தை எடுத்துவிட்டு, ஒயர்கள் எந்த நிறம் எந்த முனையில் என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்ளர் பழுப்பேறியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். கருகிய கப்ளரில் புதிய சுவிட்சைச் செருகினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டால், இன்னொரு சாவியை விட்டு உள்ளே தள்ளாதீர்கள், ஃபெவிக்விக் வைத்து ஒட்டியும் இழுக்காதீர்கள். பசை தகடுகளில் பட்டால் பூட்டே போய்விடும். சாவி நுழையும் நிலைக்கு உருளையைக் கொண்டுவந்து, மெல்லிய ரம்பத் துண்டின் பல்லை வெளிப்பக்கமாகப் பார்க்க வைத்துச் சாவியின் வெட்டுப் பக்கமாக நுழைத்து, மெல்ல இழுங்கள். இரண்டு முறை வராவிட்டால் பூட்டு வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்தால், அதைப் பார்த்தே அவர் புதிய சாவி வெட்டித் தருவார்.